தானாக ஆறும் என்பதன் பொருள்

"தானாக ஆறிவிடும்" என்பது நம் வீடுகளில் மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று. கீழே விழுந்த குழந்தையைத் தேற்றும் தாயும் அதைத்தான் சொல்கிறாள்; மருத்துவச் செலவுக்கு அஞ்சும் தந்தையும் அதைத்தான் சொல்கிறார். ஒரே சொல் ஓரிடத்தில் ஆறுதலாகவும் மற்றோரிடத்தில் தட்டிக்கழிப்பாகவும் நிற்கிறது. காத்திருப்பது எப்போது பொறுமையாகிறது, எப்போது அலட்சியமாகிறது என்னும் வினா இச்சிறு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. உடல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்றால், மனிதனுக்கு அங்கே வேலை என்ன? ஆற்றிக்கொள்ளாது என்றால், அதன்மீது நாம் வைக்கும் நம்பிக்கைக்குப் பொருள் என்ன?

இவ்வினாவை வெறும் தத்துவமாகப் பேசிக்கொண்டே போகலாம். ஆயினும் கண்ணால் கண்டு கையால் தொட்டறியக்கூடிய ஒரு சான்றை முன்வைத்து ஆராய்வதே நன்று. அதற்கு நம் முழங்காலைவிடத் தக்கது வேறில்லை.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழ்ந்த குழிக்குள் பொருந்தி நிற்கிறது. முழங்காலுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. தொடை எலும்பின் உருண்ட முனை கீழ்க்கால் எலும்பின் தட்டையான தலைமீது அமர்ந்திருக்கிறது, அவ்வளவே. அவ்விரண்டையும் பிரியாமல் காப்பவை நான்கு நார்கள். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் முன் குறுக்கு நாரும் பின் குறுக்கு நாரும் ஆக இரண்டு. எலும்புகளுக்கிடையே பிறைவடிவான இரு குருத்தெலும்புகள் மெத்தைபோல் கிடக்கின்றன. மக்கள் வழக்கில் இவை அனைத்துக்கும் ஒரே பெயர்தான்: ஜவ்வு. "முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், கிழிந்தது எது என்று அச்சொல்லிலிருந்து அறிய இயலாது. ஆனால் ஆறுமா ஆறாதா என்பது, கிழிந்தது எது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

நிற்பதும் நடப்பதும் மாடியேறுவதும் தரையில் அமர்வதும் முழங்காலின் வேலைகள். தொழுகையில் குனிவதும் சிரம் பணிவதும் இருப்பில் அமர்வதும் அதன் வேலைகளே. நாளொன்றுக்கு எத்தனை முறை அது மடங்கி நிமிர்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருநாள் அது மடங்க மறுக்கும்போதுதான் எண்ணத் தொடங்குகிறோம்.

உடல் செய்யும் பணி

நார் கிழிந்தவுடன் அங்கே குருதி கசிந்து உறைகிறது. வீக்கமும் வெப்பமும் வலியும் தோன்றுகின்றன. நாம் நோயென்று வெறுக்கும் இவையே ஆறுதலின் முதற்படி. சேதமுற்ற திசுவை அகற்றும் செல்கள் அக்குருதி வழியே வந்து சேர்கின்றன. சில நாள்கள் கழித்து, நாரிழைகளை நெய்யும் செல்கள் அந்த உறைவைச் சாரமாகக் கொண்டு பணியைத் தொடங்குகின்றன. ஏறக்குறைய ஆறு வாரங்கள் வரை புதிய இழைகள் பெருகுகின்றன. அவை மெல்லியவை, ஒழுங்கின்றிப் பல திசைகளில் பின்னிக் கிடப்பவை. அதன்பின் வருவதே நீண்ட கட்டம். மெல்லிய இழைகள் நீங்கி வலிய இழைகள் இடம்பெறுகின்றன. இழுவிசை எத்திசையில் விழுகிறதோ அத்திசைநோக்கி அவை வரிசைகொள்கின்றன. இது பல மாதங்கள், ஓராண்டும் அதற்கு மேலும்கூட நீடிக்கும்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். வலி சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. நாரோ ஓராண்டுக்கு முன் முதிர்வதில்லை. "வலியில்லை, ஆகவே குணமாகிவிட்டது" என்று நாம் தீர்ப்பளிக்கும் நேரத்தில் உடல் தன் பணியில் பாதியைக்கூட முடித்திருப்பதில்லை. நம் அவசரம் வேறு, உடலின் கணக்கு வேறு.

ஒரே கிழிசல், இருவேறு முடிவு

உள்பக்க நார் கிழிந்தால் பெரும்பாலும் அது அறுவையின்றியே ஆறிவிடுகிறது. சிறு கிழிசல் சில வாரங்களில் தேறும். முழுக்கிழிசலுக்கு மூட்டுக்கட்டும் பயிற்சியும் இன்னும் கூடுதலான வாரங்களும் வேண்டும். ஒரு காலத்தில் இதனையும் அறுத்துத் தைப்பதே வழக்கமாயிருந்தது. 1983ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் இண்டெலிகாட்டோ, உள்பக்க நார் மட்டும் முற்றாகக் கிழிந்தவர்களை அறுவையின்றிக் கவனித்து, அறுவை செய்துகொண்டவர்களுக்கு நிகராக அவர்களும் தேறியதை வெளியிட்டார். அத்தகைய ஆய்வுகளுக்குப் பின்னரே அந்நாருக்குக் கத்தி எடுக்கும் வழக்கம் குறைந்தது.

மூட்டின் நடுவிலுள்ள முன் குறுக்கு நாரின் கதை வேறு. அது மூட்டுநீரில் தோய்ந்து கிடப்பது. கிழிந்த இடத்தில் கசியும் குருதி அங்கே நிலையாக உறைந்து நிற்பது கடினம். மூட்டுநீரிலுள்ள நொதிகள் உறைவைக் கரைத்துவிடுகின்றன. சாரம் இல்லாத இடத்தில் கொத்தனார் எதன்மேல் ஏறி நின்று சுவர் எழுப்புவார்? கிழிந்த இரு முனைகளும் ஒன்றையொன்று எட்டாமல் சுருங்கிப் போகின்றன. ஆகவே இந்நார் ஒருபோதும் தானாக ஆறாது என்பதே நெடுங்காலமாகப் பாடமாக இருந்துவந்தது.

இரு நார்களும் ஒரே உடலில், ஒரே முழங்காலில், விரலளவு தூரத்தில் இருப்பவை. ஒன்று ஆறுவதும் மற்றொன்று தடுமாறுவதும் அவற்றின் வலிமையினால் மட்டும் வந்த வேறுபாடன்று. இருக்கும் இடத்தினால் வந்தது. உள்பக்க நாருங்கூட, அதன் கீழ்முனை பிய்ந்து அருகிலுள்ள தசைநாண்களுக்கு மேலாக மடிந்து மாட்டிக்கொண்டால், தன்னிடத்துக்குத் திரும்ப வழியின்றி ஆறாமல் நின்றுவிடுகிறது. ஆற்றும் ஆற்றல் உடலில் இருக்கிறது. ஆனால் அது செயற்படச் சில நிபந்தனைகள் வேண்டும். முனைகள் நெருங்கியிருக்க வேண்டும். சாரம் நிலைக்க வேண்டும். காலம் வாய்க்க வேண்டும். இந்த நிபந்தனைகளை உண்டாக்கித் தருவதே மனிதனின் பங்கு.

அண்மைய ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. சுவீடன் நாட்டில் முன் குறுக்கு நார் கிழிந்த 121 இளைஞர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவையும் பயிற்சியும், மறுபிரிவினருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பின்னர் அறுவை என வகுத்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, ஈராண்டுக்குப்பின் இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவையை நாடியிருந்தார்கள். அந்த ஆய்வின் எம்.ஆர்.ஐ. படங்களை மீண்டும் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். அறுவையே செய்துகொள்ளாதிருந்த 30 பேரில் 16 பேருக்கு நார் மீண்டும் இணைந்ததற்கான அடையாளம் தென்பட்டது. ஒருபோதும் ஆறாது என்று சொல்லப்பட்டது, ஏறத்தாழச் சரிபாதிப் பேரிடம் ஆறியிருந்தது!

அதே 2023இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. காயமுற்ற சில வாரங்களுக்குள்ளாகவே 80 பேருக்கு முழங்காலைச் செங்கோணமாக மடக்கிக் கட்டி, அந்நிலையிலேயே நான்கு வாரங்கள் வைத்தார்கள். கிழிந்த முனைகளை நெருக்கமாக இருக்கச் செய்வதே அதன் நோக்கம். பின்னர் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பன்னிரண்டாம் வாரத்தில் கட்டை அகற்றினார்கள். மூன்று மாத முடிவில் எடுத்த படத்தில் 72 பேருக்கு நார் தொடர்ச்சியாகத் தென்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பின்னர் மீண்டும் கிழிந்ததும் உண்டு. 80 பேரில் 11 பேர் அவ்வாறு மறுகாயம் அடைந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. நாள்பட்டு, முழங்கால் அடிக்கடி நழுவி நிலைகுலையும் நிலையை அடைந்துவிட்ட 316 பேரைப் பிரிட்டனில் ஆராய்ந்து 2022இல் வெளியிட்டபோது, அத்தகையவர்களுக்கு அறுவையே கூடுதல் பயன் தந்தது என்று தெரியவந்தது. ஆறும் காலத்தில் ஆறவிடுவது வேறு. அக்காலம் கடந்தபின் ஆறுமென்று அமர்ந்திருப்பது வேறு.

பொறுமை என்பது ஒரு பணி

இப்போது நம் வினாவுக்குத் திரும்புவோம். ஆஸ்திரேலியாவில் நடந்ததை அறுவையின்றி இயற்கையாக ஆறியது என்று சொல்லலாம்; அது உண்மை. ஆனால் அந்த இயற்கைக்கு நான்கு வாரம் அசையாத கட்டு வேண்டியிருந்தது. காலில் குருதி உறைந்து நுரையீரலை அடைத்துவிடாதிருக்க மருந்து வேண்டியிருந்தது. தேர்ந்தவர்களின் கண்காணிப்பு வேண்டியிருந்தது. அதன்பின் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவே உடல் தன் பணியைச் செய்தது. "இயற்கையாக" என்பதற்கு "ஒன்றும் செய்யாமல்" என்று பொருள்கொள்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஓய்வுங்கூட அளவறிந்து தர வேண்டிய ஒன்றே. அடிபட்ட மூட்டை அசைக்காமல் வைப்பதே மருத்துவம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். கனடா நாட்டு மருத்துவர் ராபர்ட் சால்டர் 1970ஆம் ஆண்டு முதல் அந்நம்பிக்கையைக் கேள்விக்குட்படுத்தி, மூட்டுக்கு மிதமான அசைவு நன்மை பயக்கும் என்று நிறுவினார். வேலையற்றுக் கிடக்கும் நார் மெலிகிறது, தொடைத்தசை வற்றுகிறது, மூட்டு இறுகுகிறது. அளவுக்கு மீறிய சுமையோ இளம் இழைகளை மீண்டும் கிழிக்கிறது. கட்ட வேண்டிய வாரத்தில் கட்டி, அவிழ்க்க வேண்டிய வாரத்தில் அவிழ்த்து, சுமையை நாளுக்குநாள் சிறிது கூட்ட வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. முழங்கால் விஷயத்தில் அந்தக் கட்டு உருவகமன்று. உண்மையிலேயே ஒரு கட்டுத்தான்.

பொறுமை என்றவுடன் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பவனையே நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், நாள்தோறும் காலை நீட்டி மடக்கி, நேற்றைய அளவுக்கு மேல் ஒரு விரற்கடை மட்டும் முன்னேறி, நாளையும் அதையே செய்ய ஒப்புபவனே பொறுமையாளன்.

தொழுகையைக் குறித்தும் ஒரு சொல். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகை நம் மார்க்கத்தில் இருப்பது நமக்குத் தெரியும். ஆயினும் பள்ளிவாசலில் நாற்காலியில் அமரக் கூச்சப்பட்டு, கிழிந்த முழங்காலை மடக்கி அமர்ந்தே தீருவேன் என்போர் உண்டு. அருளப்பட்ட சலுகையை மறுப்பது பக்தியின் மிகுதியா, பிறர் பார்வைக்கு அஞ்சும் அச்சமா என்பதை அவரவர் உள்ளமே சொல்ல வேண்டும்.

சாட்சி சொல்வோர் பொறுப்பு

ஒருவர் முழங்காலில் அடிபட்டுக் கிடந்தால், பார்க்க வருவோர் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒருவர் எண்ணெயைப் புகழ்கிறார். ஒருவர் ஆந்திரத்துப் புத்தூருக்குப் போய்க் கட்டுப்போட்டு வரச் சொல்கிறார். ஒருவர் அறுவையே செய்யாதே என்கிறார். ஒருவர் உடனே அறுத்துவிடு என்கிறார். எல்லோரிடமும் ஒரு சான்று இருக்கிறது: "எனக்கு அப்படித்தான் குணமாயிற்று."

அவர்கள் பொய் சொல்லவில்லை. உள்பக்க நார் கிழிந்தவர் எண்ணெய் தடவினாலும் குணமடைந்திருப்பார். தடவாவிட்டாலும் பெரும்பாலும் குணமடைந்திருப்பார். உடல் ஆறு வாரம் உழைத்துச் சம்பாதித்த புகழை எண்ணெய்க்குப்பி எடுத்துக்கொண்டது. கத்திக்கும் இதே நியாயம் பொருந்தும். அறுவைக்குப் பின்னும் புதிய நாரைத் தன்னுடையதாக்கிக்கொண்டு வேரூன்றச் செய்வது உடலே. 16ஆம் நூற்றாண்டின் புகழ்மிக்க பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பரே, தாம் கட்டுப்போட்டதாகவும் குணமாக்கியவன் இறைவனே என்றும் சொல்லிவந்ததாக வரலாறு கூறுகிறது. அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரைச் சார்ந்து வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் மருத்துவ நூலின் இறுதிப் பகுதியை அறுவைக்கே ஒதுக்கி, எலும்பு முறிவையும் மூட்டு நழுவலையும் அதில் விரித்து எழுதினார். குணமளிப்பவன் இறைவன் என்று நம்பியவர்தான் அவரும். அந்நம்பிக்கை அவர் கையிலிருந்த கருவியைக் கீழே வைக்கச் செய்யவில்லை.

ஆகவே நோயாளிக்கு ஆலோசனை சொல்வது ஓர் அமானிதம். நம் முழங்காலில் கிழிந்தது எந்த நார் என்றே அறியாமல், அடுத்தவர் முழங்காலுக்குத் தீர்ப்பு வழங்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? மூட்டு நழுவிப் பல நார்கள் ஒருங்கே கிழிந்தால், பின்னால் ஓடும் பெருந்தமனியே சேதமுற்றுக் காலையே இழக்க நேரலாம். பிறைக் குருத்தெலும்பு கிழிந்து இடையில் சிக்கி மூட்டு பூட்டிக்கொள்வதும் உண்டு. பாதம் குளிர்ந்து உணர்விழந்து போனாலும், கால் நீட்டவே முடியாமல் நின்றுவிட்டாலும், ஊன்றவே இயலாவிட்டாலும் "தானாக ஆறிவிடும்" என்னும் சொல் அன்பன்று, தீங்கு. முதலில் கிழிந்தது எது என்று தேர்ந்த மருத்துவரிடம் அறிந்துகொண்டு, அதன்பின் காத்திருப்பதா கத்தியை நாடுவதா என்று முடிவு செய்வதே முறை.

காத்திருப்பின் விலை

தானாக ஆறுவதற்குச் செலவில்லை என்று நினைக்கிறோம். அதற்கும் விலையுண்டு, அது காலம். மாதச்சம்பளம் வாங்குபவர் விடுப்பு எடுத்துக்கொள்கிறார். மூட்டை தூக்குபவரும் தள்ளுவண்டியில் வணிகம் செய்பவரும் பன்னிரண்டு வாரத்துக்கு எங்கே போவார்கள்? வீட்டில் ஆண்மகன் ஒருவன் காலில் கட்டுடன் அமர்ந்தால் வீடே அவனைச் சுற்றி இயங்குகிறது. அதே கட்டு அவன் தாயின் காலிலோ மனைவியின் காலிலோ இருந்தால், மூன்றாம் நாளே அவள் அடுப்படியில் நிற்கிறாள். யாரும் அவளை ஏவவில்லை என்று சொல்லலாம். அமர்ந்திரு என்று யாராவது சொன்னார்களா என்பதே வினா. அவள் நார் சரியாக ஆறாமல் போனால், "தானாக ஆறவில்லை" என்று உடலின்மீது பழிபோடுவது நேர்மையாகுமா?

உடலின் ஆற்றல் நோயுற்றவருக்குச் சொந்தம். அது செயற்படத் தேவையான நாள்களைத் தருவது சுற்றியிருப்போர் கையில் இருக்கிறது. தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொள்பவர், கடையைச் சில வாரங்கள் பார்த்துக்கொள்ளும் சகோதரர், கூலி இழந்தவர் வீட்டுக்கு அரிசி அனுப்பும் அண்டை வீட்டார், ஜமாஅத்தின் உதவிப்பணம் ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் ஒரு நாரை ஆற்றுகின்றன. நோயாளியைப் போய்ப் பார்ப்பது நன்மை என்று கற்றிருக்கிறோம். பார்த்து ஒரு வைத்தியம் சொல்லிவிட்டு வருவதைவிட, அவர் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வருவது மேலான நலவிசாரிப்பு.

ஆறியதும் பழையதும்

ஆறிய நார் பழைய நார் ஆவதில்லை. இழைகளின் அமைப்பிலும் தரத்திலும் அது தழும்பாகவே நிற்கிறது. தரத்தில் குறைந்ததைப் பருமனில் சற்றுக் கூட்டி ஈடுசெய்து, அன்றாட வாழ்வுக்குப் போதுமான வலிமையை அது பெறுகிறது. முன் குறுக்கு நார் கிழிந்த முழங்காலில், அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும், பிற்காலத்தில் மூட்டுத்தேய்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இதை மறைத்து ஆறுதல் சொல்வது ஆறுதலாகாது.

பழைய நிலைக்கு அப்படியே திரும்புவதே குணம் என்று கொண்டால், உலகில் குணமடைந்தவர் என்று எவரையும் சொல்ல இயலாது. மீண்டும் சுமை தாங்கும் நிலையை அடைவதே குணம் என்று கொண்டால், உடல் தன் வாக்கைப் பெரிதும் காப்பாற்றுகிறது. ஓடிய கால் நடக்கலாம். நடந்த கால் கைத்தடி ஊன்றலாம். கிடைத்ததைக் குறைவென்று புலம்பாமல், இழந்ததை இல்லையென்று மறைக்காமல் வாழக் கற்பதும் ஆறுதலின் ஒரு பகுதியே.

ஆகவே, தானாக ஆறுமா என்று கேட்பதைவிட, ஆறுவதற்கு வேண்டியதை நாம் செய்துவிட்டோமா என்று கேட்பதே பொருத்தம். கிழிந்தது எது என்று அறிந்தோமா? காலத்தே கட்டினோமா? காலத்தே அசைத்தோமா? அவர் வேலையில் ஒரு பங்கை நாம் சுமந்தோமா? இவற்றுக்கு விடையளித்துவிட்டு "இன்ஷா அல்லாஹ், ஆறிவிடும்" என்று சொல்வோமானால், அச்சொல் முழுப்பொருள் பெறும். விடையளிக்காமல் சொன்னால், நம் கடமையை இறைவன் பெயரால் தள்ளிவைத்தவர்கள் ஆவோம்.